ஈராக் ஆயுதப் பரிசோதனைகள் (1991–2003)

ஈராக்கின் இரசாயன, உயிரியல், அணு ஆயுதத் திட்டங்களையும் நெடுந்தூர ஏவுகணைகளையும் கண்டறிந்து அழிக்க ஐக்கிய நாடுகள் சபை நடத்திய கள ஆய்வுகள். 2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஈராக் மீது தொடுத்த போருக்கு இவ்வாயுதங்களே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டன. போர் முடிந்தபின் தேடியபோது அவற்றின் களஞ்சியம் எதுவும் கிடைக்கவில்லை.

தோற்றம்

1990 ஆகஸ்டில் குவைத்தைக் கைப்பற்றிய ஈராக், அடுத்த ஆண்டு போரில் தோற்றது. 1991 ஏப்ரல் 3இல் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 687ஆம் தீர்மானம், பேரழிவு ஆயுதங்களையும் 150 கிலோமீற்றருக்கு மேல் பாயும் ஏவுகணைகளையும் ஈராக் கைவிட வேண்டும் என்றது. இதற்கென அன்ஸ்கொம் என்ற விசேட ஆணைக்குழு அமைந்தது. அணுத் துறையைச் சர்வதேச அணுசக்தி முகவரகம் ஏற்றது. போர் இழப்புகளுக்கு ஈராக்கே பொறுப்பு என்றதும் இதே தீர்மானம்தான். குவைத்திலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்த இலங்கைத் தொழிலாளர்கள் பின்னர் நட்டஈடு பெற்றது இதன் வழியாகவே.

ஈராக் பலவற்றை மறைத்தது. உயிரியல் ஆயுதத் திட்டத்தை 1995இல்தான் ஒப்புக்கொண்டது. ஆயினும் 1998க்குள் 38,000க்கும் அதிகமான இரசாயனக் குண்டுகளும் எறிகணைகளும், 690 தொன் நச்சு இரசாயனங்களும் பரிசோதகர்களின் மேற்பார்வையில் அழிக்கப்பட்டன. குண்டுவீச்சால் ஆகாத வேலை இது.

ஜயந்த தனபாலவின் பங்கு

1998 தொடக்கத்தில் சதாம் ஹுசைனின் எட்டு மாளிகை வளாகங்களுக்குள் பரிசோதகர்களை விட ஈராக் மறுத்தது. போர் மூளும் நிலையில் செயலாளர் நாயகம் கோபி அனான் பக்தாத் சென்று பெப்ரவரி 23இல் உடன்பாடு கண்டார். பரிசோதகர்களுடன் மூத்த இராஜதந்திரிகளும் செல்வது என்று முடிவாயிற்று. அந்த இராஜதந்திரிகள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பேராதனையிலும் படித்த இலங்கையரான ஜயந்த தனபால. ஐ.நா.வின் ஆயுதக் களைவுத் துறைக்கு அவர் அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தார். எட்டு வளாகங்களின் கதவுகளும் திறந்தன. ஆனால் தகராறு மீண்டும் முற்றியது. டிசம்பரில் பரிசோதகர்கள் வெளியேற, அமெரிக்காவும் பிரித்தானியாவும் நான்கு நாள் குண்டு வீசின. அதன்பின் நான்கு ஆண்டுகள் களத்தில் ஆயுதப் பரிசோதகர் இல்லை. அந்த வெற்றிடத்தை ஊகங்கள் நிரப்பின.

2002–2003

2002 நவம்பர் 8இல், பரிசோதகர்களை மீண்டும் அனுமதிக்கக் கோரிய 1441ஆம் தீர்மானம் பாதுகாப்புச் சபையில் ஒருமனதாக நிறைவேறியது. அம்மாதமே ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில், அன்ஸ்கொமின் இடத்தில் வந்த அன்மோவிக் ஆணைக்குழுவின் பரிசோதகர்கள் களமிறங்கினர். ஈராக்கின் அல்-சமூத் 2 ஏவுகணை, ஏவிய சோதனையொன்றில் 183 கிலோமீற்றர் பாய்ந்திருந்தது; அனுமதித்த எல்லையை விட 33 கிலோமீற்றர் அதிகம். அழித்துவிடுங்கள் என்றார் பிளிக்ஸ். 2003 மார்ச் 1 முதல் ஈராக் அவற்றைப் புல்டோசரால் நசுக்கத் தொடங்கியது; போர் தொடங்குவதற்குள் ஏறத்தாழ 70 ஏவுகணைகள் அழிந்தன. எஞ்சிய பணிக்குச் சில மாதங்கள் போதும் என்று மார்ச் 7இல் பிளிக்ஸ் அறிவித்தார். மார்ச் 18இல் பரிசோதகர்கள் வெளியேற நேர்ந்தது. மார்ச் 20இல் போர் தொடங்கியது.

புலனாய்வுத் தகவல்கள்

2003 பெப்ரவரி 5இல் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் பாதுகாப்புச் சபையில் அடுக்கிய ஆதாரங்களும், அமெரிக்க, பிரித்தானிய அரசுகளின் பிற கூற்றுகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நடமாடும் உயிரியல் ஆய்வுகூடங்கள் பற்றிய கதை, ஜேர்மனியில் தஞ்சம் கோரிய ஒருவர் சொன்னது; தாம் பொய் சொன்னதாக 2011இல் அவரே ஒப்புக்கொண்டார். யுரேனியம் செறிவூட்டலுக்கு என்று சொல்லப்பட்ட அலுமினியக் குழாய்கள் சாதாரண ரொக்கெட்டுகளுக்கானவை. அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் நிபுணர்கள் முன்பே மாறுபட்டிருந்தனர். நைஜரில் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்று அணுசக்தி முகவரகத்தின் தலைவர் எல்பரதேய் போருக்கு முன்பே சபையில் சொல்லிவிட்டார். கேட்பாரில்லை.

போருக்குப் பிந்திய விசாரணைகள்

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட, அமெரிக்கா தலைமையிலான ஈராக் ஆய்வுக் குழு நாடெங்கும் தேடியது. 2004 செப்டெம்பரில் அதன் அறிக்கையைத் தந்தவர் சார்ள்ஸ் டுயல்பர். 1998இல் தனபால குழுவுடன் மாளிகைகளுக்குச் சென்ற பரிசோதகர்களின் தலைவர் அவரே. அறிவிக்காமல் வைத்திருந்த ஆயுதக் களஞ்சியங்களை ஈராக் 1991இலேயே பெரும்பாலும் தானாக அழித்துவிட்டது என்பது அவரது முடிவு. பழைய குண்டுகளின் மிச்சங்கள் மட்டுமே ஆங்காங்கே அகப்பட்டன. 2004இல் அமெரிக்க செனட் குழுவும் பிரித்தானியாவின் பட்லர் குழுவும் புலனாய்வின் குறைகளை வெளிக்கொணர்ந்தன.

இலங்கையும் மலையகமும்

ஈராக் நெடுங்காலமாக இலங்கைத் தேயிலையை வாங்கும் முக்கிய நாடு. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து உயர்நிலத் தேயிலையை விட, 600 மீற்றருக்குக் கீழேயுள்ள பகுதிகளின் தாழ்நிலத் தேயிலையே அங்கு அதிகம் விலைபோகும். ஆயுதக் களைவை வலியுறுத்தி ஐ.நா. நீடித்த பொருளாதாரத் தடைகளின் காலத்தில் ஈராக்கிய அரசு கொடுத்த மாதப் பங்கீட்டில் மா, அரிசி, சீனியுடன் தேயிலையும் இருந்தது. பக்தாத்தில் தேநீர்க் கடை மூடினால், அதன் பாதிப்பு கொழும்பு ஏலத்தையும் கொழுந்து விற்கும் சிறுதோட்டக்காரரையும் எட்டும்.

மதிப்பீடு

ஈராக் ஏமாற்றியது உண்மை. ஐயம் எழுந்ததும் நியாயம். ஆனால் ஐயத்தைத் தீர்க்கும் வழி கையில் இருந்தது, அது பலன் தந்துகொண்டும் இருந்தது. பிரித்தானியாவின் சில்கொட் விசாரணை 2016 ஜூலை 6இல் வெளியிட்ட அறிக்கை, அமைதி வழிகள் தீரும் முன்பே பிரித்தானியா போருக்குச் சென்றது என்று முடிவுசெய்தது. பரிசோதனையின் பெயரால் போர் தொடங்கியது. பரிசோதனையோ போரை நியாயப்படுத்தவில்லை. இலட்சத்துக்கும் அதிகமான ஈராக்கியப் பொதுமக்கள் இறந்தனர்.