கம்பளிக் கல்லும் கும்பினிக் கல்லும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறம் என்றதும் வாசகர் மனத்தில் எழும் சித்திரத்துக்கு மிக அருகில் நிற்பவை காட்ஸ்வோல்ட் குன்றுகள். தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லால் ஆன வீடுகள், மார்பளவு உயரக் கல்வேலிகள், அவற்றுக்குள் மேயும் ஆடுகள். லண்டன் பாடிங்டனில் ரயிலேறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மோர்ட்டன்-இன்-மார்ஷ் என்னும் சிற்றூரை அடையலாம். அதன் அகன்ற கடைவீதி, ரோமானியர் அமைத்த ஃபாஸ் வே நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. விடுமுறைக்கு வருவோர் இங்கே தங்கி, நாளுக்கொரு திசையாகச் சென்று திரும்புவது வழக்கம். வழிகாட்டி நூல்கள் இச்சிறு பயணங்களை அழகின் வரிசையில் அடுக்கித் தருகின்றன. நாம் அவற்றைத் துணியின் வரலாற்றுவழி அடுக்கிப் பார்க்கலாம். அப்போது இக்குன்றுகளின் கல், இரண்டு வகைச் செல்வத்தின் கதையைச் சொல்லத் தொடங்குகிறது.

முதலாவது கம்பளியின் செல்வம். மோர்ட்டனுக்கு வடக்கே உள்ள சிப்பிங் கேம்ப்டனில், புனித யாக்கோபு தேவாலயத்தின் தரையில் வில்லியம் கிரேவல் என்ற வணிகரின் உருவம் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் இறந்தது 1401-இல். இங்கிலாந்து முழுவதிலும் உள்ள கம்பளி வணிகருள் சிறந்தவர் என்று அவரைப் போற்றுகிறது அதன் லத்தீன் வாசகம். தெற்கே நார்த்லீச் தேவாலயத்திலும் இத்தகைய தகடுகள் உண்டு. அங்கே வணிகர்களின் காலடியில் ஆடும் கம்பளிப் பொதியும் காட்டப்பட்டிருக்கின்றன. வீரனின் காலடியில் சிங்கத்தை வைத்த மரபில், இவர்கள் தம்மை வாழவைத்த பிராணியை வைத்துக்கொண்டார்கள். காட்ஸ்வோல்ட் ஆட்டின் ரோமம் ஃபிளாண்டர்ஸுக்கும் இத்தாலிக்கும் சென்றது. அதன் லாபம் ஊருக்குப் பொருந்தாத அளவு பெரிய தேவாலயங்களாக எழுந்தது.

இந்தக் கம்பளிக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு போட்டி வந்தது. 1639-இல் கிழக்கிந்தியக் கும்பினி சென்னையில் காலூன்றியதற்கு முதன்மைக் காரணம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. எடை குறைந்த, துவைத்தாலும் சாயம் போகாத சீட்டித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் உடையையும் படுக்கையறையையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டன. கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் கொதித்தார்கள். 1697-இல் லண்டன் பட்டு நெசவாளர்கள் கும்பினியின் தலைமையகத்தையே தாக்கினார்கள். 1700-இல் இயற்றப்பட்ட சட்டம், அச்சிட்ட இந்தியத் துணிகளை உள்நாட்டில் விற்பதற்காக இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1721-இன் சட்டம் பெரும்பாலான பருத்தித் துணிகளை உடுத்துவதையே குற்றமாக்கியது. அது 1774-இல்தான் நீக்கப்பட்டது. தடையில்லா வாணிகத்தின் தாயகம் என்று பின்னாளில் தன்னைச் சொல்லிக்கொண்ட நாடு, இந்தியத் தறியைக் கண்டு சட்டத்தின் பின்னே ஒளிந்துகொண்ட காலம் அது.

துணியைத் தடுத்தார்கள், துணி வாணிகத்திலும் அதைத் தொடர்ந்த ஆட்சியிலும் ஈட்டிய பணத்தைத் தடுக்கவில்லை. அதைக் காண மோர்ட்டனிலிருந்து தென்கிழக்கே செல்லவேண்டும். வழியில் வருவது ஆடில்ஸ்ட்ராப். 1914 ஜூன் 24 அன்று இந்த ஊர் நிலையத்தில் தன் ரயில் நின்றதை எட்வர்ட் தாமஸ் கவிதையாக்கினார். மூன்றாண்டுகளில் அவர் போர்முனையில் மாண்டார். நிலையமும் 1966-இல் மூடப்பட்டது. அதன் பெயர்ப்பலகை இன்று பேருந்து நிழற்குடையில் இருக்கிறது.

ஆடில்ஸ்ட்ராப், ஜேன் ஆஸ்டனின் தாய்வழி உறவினரான லீ குடும்பத்தாரின் ஊர். ஆஸ்டனும் இங்கே வந்து தங்கியிருக்கிறார். அவருடைய தந்தைவழி அத்தை ஃபிலடெல்ஃபியா, வரதட்சணைக்கு வழியில்லாத பெண்ணாக 1752-இல் சென்னைக்குக் கப்பலேறி, மறு ஆண்டு கடலூரில் கும்பினியின் மருத்துவர் ஹான்காக்கை மணந்தார். அவர்களுடைய மகள் எலைசாவுக்கு ஞானத் தந்தையானவரும் பத்தாயிரம் பவுன் அளித்தவரும் வாரன் ஹேஸ்டிங்ஸ். அவருடைய மாளிகை ஆடில்ஸ்ட்ராப்பின் அண்டை ஊரான டேல்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. ஆஸ்டனின் நாவல்களில் இந்தியா அரிதாகவே தலைகாட்டுகிறது. அவருடைய குடும்பத்திலோ அது உணவு மேசைவரை வந்திருந்தது.

ஹேஸ்டிங்ஸின் முன்னோர் டேல்ஸ்ஃபோர்ட் நிலத்தை இழந்தவர்கள். அவர் 1732-இல் அருகிலுள்ள சர்ச்சில் என்ற ஊரில் பிறந்தார். இழந்ததை மீட்பேன் என்று சிறுவயதில் உறுதிபூண்டதாக அவரே பின்னாளில் சொன்னார். 1769 முதல் 1772 வரை சென்னையில் ஆட்சிக்குழுவின் இரண்டாம் இடத்தில் இருந்தபோது, கும்பினியின் துணிக் கொள்முதல் அவர் பொறுப்பில் இருந்தது. பின்னர் வங்காளத்தின் ஆளுநர். அடுத்து முதல் கவர்னர் ஜெனரல். 1788-இல் டேல்ஸ்ஃபோர்டை விலைக்கு வாங்கினார். அதே ஆண்டு பிப்ரவரியில் அவர்மீதான நாடாளுமன்ற விசாரணை தொடங்கியது. எட்மண்ட் பர்க் குற்றம் சாட்ட, ஏழாண்டுகள் நீண்ட வழக்கு 1795-இல் விடுதலையில் முடிந்தது. வழக்குச் செலவு ஏறத்தாழ எழுபதாயிரம் பவுன். 1818-இல் இறந்து அவ்வூரிலேயே அடக்கமானார். மாளிகை இன்றும் தனியார் இல்லம்.

டேல்ஸ்ஃோர்டைப் புதுப்பித்த கட்டடக்கலைஞர் சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல், தன் சகோதரர் சார்ல்ஸுக்காக 1805 வாக்கில் எழுப்பியதே செசின்கோட் மாளிகை. மோர்ட்டனுக்குத் தென்மேற்கே சிறிது தொலைவில் இருக்கிறது. சார்ல்ஸ் வங்காளத்தில் கும்பினிப் பணியிலும் வணிகத்திலும் பொருளீட்டியவர். ஓக் மரங்களுக்கு நடுவே, பச்சை படிந்த செப்புக் குவிமாடமும் மயில்தோகை வளைவுகளும் கொண்ட முகலாயப் பாணி மாளிகையைத் திடீரெனக் காண்பது விந்தையான அனுபவம். உள்ளே நுழைந்தால் எல்லாம் கிரேக்கப் பாணி. இந்தியா வெளிச்சுவரோடு நின்றுவிடுகிறது. 1807-இல் இதைப் பார்த்துச் சென்ற வேல்ஸ் இளவரசரே பின்னாளில் பிரைட்டன் மாளிகைக்கு அதன் குவிமாடங்களைத் தந்தவர்.

தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஓவியர் தாமஸ் டேனியல். அவரும் உறவினர் வில்லியமும் 1792-இல் தமிழகத்தில் பயணம் செய்து, மதுரையையும் பாபநாசம் அருவியையும் தஞ்சைப் பெரிய கோவில் நந்தியையும் வரைந்தவர்கள். செசின்கோட்டில் ஓடைமேல் உள்ள பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நந்திகள் அமர்ந்திருக்கின்றன. அதன் தூண்கள் எலிஃபண்டா குகைத் தூண்களை ஒத்தவை. மேலே ஒரு குளமும் சூரியன் கோவிலும் உண்டு. நந்திக்கு எதிரே கருவறை இல்லை, புல்வெளிதான். முகலாயக் குவிமாடமும் சைவ நந்தியும் மேற்குக்கரைக் குகையும் ஒரே தோட்டத்தில் சேர்ந்திருப்பதை அவர்கள் முரணாகக் கருதவில்லை. எல்லாம் சேர்ந்ததே அவர்களுக்கு இந்தியா.

2020-இல் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட், தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமை வாணிகத்தோடும் இருந்த தொடர்புகளை அறிக்கையாக வெளியிட்டது. அழகிய வீடுகளைப் பார்க்க வருவோரின் மகிழ்ச்சியைக் கெடுக்கிறார்கள் என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. செசின்கோட்டும் டேல்ஸ்ஃபோர்டும் அந்த அமைப்பின் பொறுப்பில் இல்லை. ஆனால் கேள்வி அவற்றுக்கும் உரியது. கிரேவல் தன் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை. கம்பளியின் பெயராலேயே தன் கல்லறையில் அறியப்படுகிறார். நார்த்லீச் வணிகர்கள் ஆட்டையே காலடியில் வைத்தார்கள். செசின்கோட்டில் நந்தி இருக்கிறது, குவிமாடம் இருக்கிறது. நெய்தவரும் வரி கட்டியவரும் எங்கும் இல்லை. பாலத்தில் நிற்கும் பயணி அந்த இடைவெளியையும் சேர்த்துப் பார்த்தால், தோட்டத்தின் அழகு சற்றும் குறையாது. பார்த்த இடம் எது என்பது மட்டும் தெளிவாகும்.