திண்டுக்கல் தெருப்பெயர்கள்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் வழிகளின் பெயர்கள் வீதி, தெரு, சந்து, சாலை, ரோடு, பிரிவு, இட்டேரி என்று பலவாறு முடிகின்றன. எல்லாமே நடந்தோ வண்டியிலோ போகிற வழிதான். ஆனாலும் ஊர்க்காரர்கள் ஒன்றுக்குப் பதில் ஒன்றைச் சொல்வதில்லை. ரத வீதி ரதத் தெரு ஆகாது; பென்ஷனர் தெரு பென்ஷனர் வீதி ஆகாது. அந்த வழி யாருக்காக, எதற்காக உண்டானது என்பது பெரும்பாலும் பெயரின் கடைசிச் சொல்லில் தங்கிவிட்டது.

வீதியும் தெருவும்

வீதி என்பது கோயிலையும் கடையையும் சார்ந்த சொல். அபிராமி அம்மன் கோயில் தேருக்குரியவை ரத வீதிகள். திசைக்கு ஒன்றாக நான்கு. தேர் முனை திரும்ப வேண்டும் என்பதால் வீதிக்கு அகலம் கட்டாயம். இந்த அமைப்பை முழு வடிவில் பார்க்க மதுரைக்குப் போக வேண்டும். அங்கே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரில் வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோயிலைச் சூழ்ந்திருக்கின்றன. சித்திரைத் திருவிழாத் தேர் இன்று ஓடுவதோ மாசி வீதிகளில். தேரின் தடம் மாறினாலும் பெயர் மாறவில்லை. பழனியில் மலையடிவாரத்தைச் சுற்றி வரும் வழிக்குக் கிரி வீதி என்று பெயர், கிரிவலம் வருவதற்கானது. தேரே இல்லாத சிற்றூரிலும் கடைகள் வரிசையாக நின்றால் அது கடைவீதிதான்.

தெரு குடியிருப்பவர்களுடையது. ஓய்வூதியக்காரர்களை நினைவூட்டும் பென்ஷனர் தெருபோல, யார் வாழ்ந்தார்களோ அவர்களே பெயராவது வழக்கம். தொழில் பெயரும் சாதிப் பெயரும் தெருக்களில் ஏறியது இப்படித்தான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகளை நீக்க அரசு உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்ற மீண்டும் ஓர் அரசாணை வந்தது. முதல் உத்தரவுக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் இன்னொன்று தேவைப்பட்டதிலிருந்தே பலகையை மாற்றுவதும் பேச்சை மாற்றுவதும் வேறுவேறு வேலைகள் என்பது விளங்கும்.

இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஆள் போகிற அளவு இடமிருந்தால் சந்து. மறுமுனை அடைத்திருந்தால் முட்டுச்சந்து. சங்க நூல்களில் தெருவுக்கு வழங்கிய மறுகு இன்று பேச்சில் இல்லை. கடைத்தெருவைக் குறித்த ஆவணம் என்ற சொல், இன்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேறு பொருளில் பிழைத்திருக்கிறது.

சாலையும் ரோடும்

சாலை முதலில் வழியைக் குறித்த சொல் அல்ல. பாடசாலை, தொழிற்சாலை என்பவற்றில் உள்ளதுபோலக் கூடத்தையும் இடத்தையும் குறித்தது. இரு மருங்கிலும் மரங்கள் வரிசையாக நிற்கும் பெருவழி என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றன. நிழல் மரமும் சத்திரமும் வைத்ததற்காக நினைக்கப்படும் ராணி மங்கம்மாளின் பெயர் தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்றே ஒட்டிக்கொண்டது. திண்டுக்கல்லில் சாலை ரோடு என்றே ஒரு கடைத்தெரு இருக்கிறது. இலக்கணம் பார்ப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் ‘சாலை’ என்பது ஓர் இடத்தின் பெயராகிவிட்டால், அங்கே உள்ள ரோடு சாலை ரோடுதானே? பிற்காலத்தில் அரசு சூட்டிய பெயர்களில், திருவள்ளுவர் சாலைபோல, சாலை என்பது ரோட்டுக்கு நேர்த் தமிழாக மட்டுமே நிற்கிறது.

ரோட்டுக்குப் பெயர் அது போய்ச் சேரும் ஊர். பழனி ரோடு, நத்தம் ரோடு, தாடிக்கொம்பு ரோடு, வத்தலக்குண்டு ரோடு எல்லாம் இந்தக் கணக்கே. வத்தலக்குண்டில் இறங்கிக் கேட்டால் அதே ரோடு திண்டுக்கல் ரோடு. தேசிய நெடுஞ்சாலை எண்களின்படி மதுரை வழி 44, பழனி வழி 83, தேனி வழி 183. 2010 மறுஎண்ணிடலுக்கு முன் மதுரை வழி 7, பழனி வழி 209. பழைய எண்ணையும் யாரும் சொல்லவில்லை, புதியதையும் சொல்வதில்லை. நகரைச் சுற்றிப் போகும் பெரிய வழி பைபாஸ், அவ்வளவே. ஊருக்குள் ரவுண்ட் ரோடும், சுருட்டுத் தொழில் நடத்திய நிறுவனத்தின் பெயர் தாங்கிய ஸ்பென்சர் காம்பவுண்டும் அப்படியே புழங்குகின்றன.

வழி ஊராவது

ரோடே ஊர்ப்பெயரானதற்கு எடுத்துக்காட்டு கொடைரோடு. 1875இல் திருச்சி - மதுரை ரயில் பாதை திறக்கப்பட்டது. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் இறங்கிய நிலையம் அம்மையநாயக்கனூரில் இருந்தது; மலையூரோ ரோட்டு வழியே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி. ஊர் எட்டத்தில் இருந்தால் நிலையத்தின் பெயரில் ரோடு என்று சேர்ப்பது ரயில்வேயின் பழக்கம். ஆரணி ரோடு, நாசிக் ரோடு போல. கொடைக்கானல் ரோடு சுருங்கிக் கொடைரோடு ஆனது. பேரூராட்சி இன்றும் அம்மையநாயக்கனூர்தான், பேருந்துப் பலகையில் கொடைரோடு.

பழனி ரோட்டில் இதற்கும் பழைய அடுக்கு ஒன்று உண்டு. திண்டுக்கல்லிலிருந்து மேற்கே போனால் ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், பிறகு சத்திரப்பட்டி. முருகனைப் பார்க்க நடந்து போனவர்கள் தங்கிய வழி என்று ஊர்ப்பெயர்களே சொல்கின்றன. தைப்பூசத்துக்கு இன்றும் பாதயாத்திரைக் கூட்டம் இந்த ரோட்டை ஒட்டித்தான் நடக்கிறது. இதற்கெல்லாம் முந்தியது சிலப்பதிகாரம் சொல்லும் வழி. காடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் கோவலனிடம் மறையவன் ஒருவன் கொடும்பாளூர்க் குளக்கரையில் சூலம்போல மூன்றாகப் பிரியும் வழிகளை விவரிக்கிறான். அவற்றில் வலப்புறத்தது திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையைத் தொட்டுச் செல்கிறது. அவன் வாயில் வரும் சொற்கள் நெறி, வழி.

ஒட்டன்சத்திரத்தைத் தாண்டினால் கொங்குப் பேச்சு தொடங்குகிறது. அங்கே இட்டேரி வரும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே மாட்டு வண்டி போகிற அகலம், பல தலைமுறை சக்கரங்கள் தேய்த்ததால் வயல் மட்டத்துக்குக் கீழே இறங்கிய தடம். தார் போட்டதும் பல இடங்களில் இட்டேரி என்ற சொல்லும் போய்விடுகிறது. பெருவழியிலிருந்து உள்ளூருக்குத் திரும்பும் இடம், கொங்கில்போலவே திண்டுக்கல் பக்கமும் பிரிவு. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் விலக்கு. நடத்துனர் “பிரிவெல்லாம் எறங்கு” என்றால் கொங்குக் காற்று இதுவரை வீசுகிறது என்று கொள்ளலாம்.