நெஞ்சுல கேஸ், கோர்ட்டுல கேஸ்

'கேஸ்'ங்கிற ஒரு சொல் நம்ம ஊர்ல எத்தனை வேலை பார்க்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

பாகூர் பக்கம் ஓ.பி.யில உட்கார்ந்தா ஒரே நாள்ல எல்லாம் காதுல விழும். "கேஸ் தீர்ந்துபோச்சு, சமைக்கல." "வரப்புத் தகராறுல பங்காளி கேஸ் போட்டுட்டான்." மூச்சுத்திணறல்ல இருக்கிறவருக்கு ஆக்சிஜன் வெச்சா, "கேஸ் வெச்சிருக்காங்க." நடுவுல சிஸ்டர் வந்து, "சார், பாம்புக்கடி கேஸ்!"

உண்மையில இது ரெண்டு இங்கிலீஷ் சொல். தமிழ்ல எழுதினா ஒண்ணாயிடுது. வழக்கு, நோயாளின்னு வர்ற கேஸ், 'விழுதல்', 'நேர்தல்'னு பொருள் தர்ற லத்தீன் சொல்லோட வாரிசு. அது அவ்வளவுதான்.

இன்னொரு கேஸ் சுவாரசியமானது. அந்தச் சொல்லை உருவாக்குனதே ஒரு டாக்டர். பிரஸ்ஸல்ஸ்ல பிறந்த வான் ஹெல்மான்ட். 62 ராத்தல் கரியை எரிச்சா 1 ராத்தல் சாம்பல்தான் மிஞ்சுது, மீதி 61 எங்க போச்சுன்னு கேட்டார். கண்ணுக்குத் தெரியாம போன அந்த ஆவிக்கு, 'கேயாஸ்'ங்கிற கிரேக்கச் சொல்லை மனசுல வெச்சு 'கேஸ்'னு பேர் வெச்சார். 1644ல இறந்துட்டார், 1648ல மகன்தான் புத்தகத்தை அச்சுல கொண்டுவந்தார். அவர் பார்த்தது இன்னைக்கு நாம சொல்ற கார்பன் டை ஆக்சைடு.

அப்புறம் சொல் ஊர் சுத்துச்சு. லண்டன்ல தெருவிளக்கு ஆச்சு. 1915ல ஈப்ர போர்க்களத்துல, 1984ல போபால்ல எமன் ஆச்சு. அமெரிக்காவுல பெட்ரோலுக்கே அதான் பேர். நம்ம திருவிழாவுல தலையில தூக்கிட்டுப் போன 'கேஸ் லைட்' எரிஞ்சது மண்ணெண்ணெய்ல!

ஆனா நான் பயப்படுறது நெஞ்சுல வர்ற கேஸுக்குத்தான். இங்கிலீஷ்ல அது வயித்தோட நின்னுடும். நம்மகிட்ட ஏற்கெனவே 'வாயு' இருந்துச்சு. அது முதுகுல பிடிக்கும், தோளுக்கு ஏறும், உடம்பு பூரா நடக்கும். கேஸ் வந்து அந்த நாற்காலியில உட்கார்ந்துடுச்சு. மாரடைப்பு வலியும் அப்படியேதான் நடக்கும்: தோள், இடது கை, தாடை, சில பேருக்கு மேல்வயிறு. ஏப்பம்கூட வரும். அதனால யாருக்கும் சந்தேகமே வர்றதில்ல.

வில்லியனூர் பக்கத்து விவசாயி ஒருத்தர். விடியக்காலையில நெஞ்சை அடைச்சிருக்கு, சட்டை நனையுற அளவுக்கு வியர்வை. கேஸ்னு நினைச்சு கோலி சோடா குடிச்சிருக்கார். சோடாவுல இருக்கிறதும் வான் ஹெல்மான்ட் பார்த்த அதே கேஸ்தான்! வெயில் ஏறின பிறகு வந்தார். ஈ.சி.ஜி. எடுத்தா மாரடைப்பு. வியர்வையோட நெஞ்சடைப்பு வந்தா சோடா வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்க. அவர் கெட்டியான ஆள், பிழைச்சுட்டார்.

திரும்ப செக்கப்புக்கு வந்தப்போ அவர் மனைவி மெதுவா கேட்டாங்க: "சார், அந்த கேஸ் முழுசா போயிடுச்சா?"