மஞ்சளே தெரியாத மஞ்சள் காமாலை

1/ மஞ்சள் காமாலைன்னு சொன்னதும் நம்ம ஊர்ல முதல்ல ஞாபகம் வர்றது கீழாநெல்லி. "அரைச்சு மோர்ல கலந்து குடி, சரியாகிடும். இங்கிலீஷ் மருத்துவத்துல இதுக்கு மருந்தே கிடையாது"ன்னு சொல்லாத வீடே இல்ல. இதுல பாதி உண்மை. மீதிப் பாதியில பெரிய ஆபத்து இருக்கு. அந்த ஆபத்தை உலகம் கண்டுபிடிச்ச கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ முதல்ல ஒரு விஷயம். மஞ்சள் காமாலைங்கிறது நோயோட பேர் இல்ல, அறிகுறி. கல்லீரலைத் தாக்குற வைரஸ்கள் ஏ, பி, சி, டி, இ என ஐந்து. ஏ, இ ரெண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு மூலமா வரும். பி, சி ரெண்டும் ரத்தம் மூலமா பரவும். பி உடலுறவு மூலமாவும், பிரசவத்தப்போ தாய்கிட்ட இருந்து குழந்தைக்கும் போகும். டி, பி-யும் இருக்கிறவங்களை மட்டும்தான் தாக்கும். இந்தக் கதையோட வில்லன் பி.

3/ 1883, ஜெர்மனியின் பிரெமன் நகரம். கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்களுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போட்டாங்க. அந்தக் காலத்துல அந்த மருந்தை இன்னொரு மனிதரோட நிணநீர்ல இருந்து எடுப்பாங்க. 1,289 பேர்ல 191 பேருக்குச் சில மாதங்கள்ல காமாலை. வேற நிணநீர் போட்டவங்களுக்கு வரல. லூர்மன் என்ற மருத்துவர் இதை 1885-ல் பதிவு செய்தார். தண்ணீரால மட்டும் இல்ல, இன்னொருத்தர் உடம்புல இருந்து எடுத்த பொருளாலயும் காமாலை வரும்னு அப்போதான் சந்தேகம் வந்தது.

4/ 1942, இரண்டாம் உலகப்போர். அமெரிக்க ராணுவ வீரர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதுல மனித சீரம் கலந்திருந்தது. சுமார் 50,000 வீரர்களுக்குக் காமாலை! பல வருஷம் கழிச்சு, 1980-கள்ல அந்த முன்னாள் வீரர்களோட ரத்தத்தைச் சோதிச்சாங்க. காரணம் பி வைரஸ். மொத்தம் சுமார் 3,30,000 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம்னு கணக்கிட்டாங்க.

5/ இந்தக் கணக்கை இன்னொரு தடவை பாருங்க. கண்ணு மஞ்சளானது 50,000 பேருக்கு. மீதி ரெண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல தங்களுக்குத் தொற்று வந்ததே தெரியாது. ஆனா ஒரு நல்ல செய்தியும் இருந்தது. வைரஸ் நிரந்தரமா உடம்புல தங்கினது ஆயிரத்துல மூணு பேருக்கும் குறைவு. அவங்க எல்லாரும் வயசுல பெரியவங்க, ஆரோக்கியமானவங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

6/ அந்த வைரஸைக் கண்டுபிடிச்சவர் அதைத் தேடிப் போகவே இல்ல. பரூக் ப்ளூம்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர், மனுஷனுக்கு மனுஷன் ரத்தப் புரதம் எப்படி மாறுதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தார். பல தடவை ரத்தம் ஏத்திக்கிட்ட ஒரு ஹீமோபீலியா நோயாளியோட சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்த மாதிரியோட வினை புரிஞ்சது. என்ன பொருள்னு புரியாம "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்"னு பேர் வெச்சு 1965-ல் வெளியிட்டாங்க.

7/ 1967-ல அவரோட ஆய்வகத்துல வேலை பார்த்த பெண்ணுக்கு உடம்பு சரியில்லாம போச்சு. தன் ரத்தத்தைத் தானே சோதிச்சுப் பார்த்தாங்க. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் பாசிட்டிவ்! அடுத்து காமாலை வந்தது. அந்தப் பொருள் பி வைரஸோட மேலுறைன்னு பிறகு உறுதியாச்சு. 1976-ல் ப்ளூம்பெர்க்குக்கு நோபல் பரிசு.

8/ இந்த மேலுறை மட்டும் தனியா நோயாளியோட ரத்தத்துல ஏராளமா மிதக்கும். அதுக்கு நோயை உண்டாக்குற சக்தி கிடையாது. அதைப் பிரிச்சு எடுத்தா தடுப்பூசி ஆக்கலாமேன்னு ப்ளூம்பெர்க்கும் இர்விங் மில்மேனும் 1969-லேயே யோசிச்சாங்க. மெர்க் நிறுவனத்தின் மாரிஸ் ஹில்மேன், பெப்சின், யூரியா, ஃபார்மலின் என மூணு கட்டமா சுத்திகரிச்சு அதைச் சாதிச்சார். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி. நோயாளியோட ரத்தத்துல இருந்தே அந்த நோய்க்குத் தடுப்பூசி!

9/ அதே சமயத்துல எய்ட்ஸ் வந்துடுச்சு. ரத்தத்துல இருந்து எடுத்த ஊசியா, வேணாம்னு ஜனங்க பயந்தாங்க. அந்தச் சுத்திகரிப்பு எய்ட்ஸ் வைரஸையும் கொன்னுடும். ஆனாலும் பயம் போகல. 1986-ல் ஈஸ்ட்டுக்குள்ள அந்த மேலுறையோட மரபணுவை வெச்சு, ரத்தமே இல்லாம ஊசி தயாரிச்சாங்க. மரபணுத் தொழில்நுட்பத்தில் மனிதர்களுக்கு வந்த முதல் தடுப்பூசி அதுதான். இன்னிக்கு நம்ம குழந்தைகளுக்குப் போடுறதும் இந்த வகைதான்.

10/ தைவான் 1984-ல பிறந்த குழந்தைகளுக்கு இதைப் போட ஆரம்பிச்சது. 6 முதல் 14 வயசுப் பிள்ளைகளுக்கு வர்ற கல்லீரல் புற்றுநோய், லட்சத்துக்கு 0.70-ல இருந்து பத்தே வருஷத்துல 0.36 ஆச்சு. கிட்டத்தட்ட பாதி. ஒரு தடுப்பூசியால புற்றுநோயைத் தடுக்க முடியும்னு உலகம் அப்போதான் பார்த்தது.

11/ ஏன் பிறந்த குழந்தைக்கு? இப்போ அந்த ராணுவ வீரர்களை ஞாபகப்படுத்திக்கோங்க. பெரியவங்களுக்குத் தொற்று வந்தா நூத்துல 95 பேர் உடம்பு தானே விரட்டிடும். பிரசவத்தப்போ தொற்று வாங்குற குழந்தைகள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு அது நிரந்தரமா தங்கிடும். குழந்தை நல்லா வளரும், ஓடும், படிக்கும். மஞ்சள் தெரியாது. முப்பது நாப்பது வயசுல கல்லீரல் சுருக்கமாவோ புற்றுநோயாவோ தலைகாட்டும்.

12/ சரி, கீழாநெல்லி? அதையும் சோதிச்சாங்க. சென்னையின் டாக்டர் தியாகராஜன் குழு 1988-ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டது. கூட எழுதினவர் யார் தெரியுமா? அதே ப்ளூம்பெர்க்! கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு வைரஸ் மேலுறை மறைஞ்சது. வெறும் மாத்திரை எடுத்த 23 பேர்ல ஒருத்தருக்கு மட்டும். பெரிய நம்பிக்கை. ஆனா தாய்லாந்து, நியூசிலாந்துன்னு வேற இடங்கள்ல செஞ்சு பார்த்தப்போ அந்தப் பலன் கிடைக்கல.

13/ அப்போ குடிச்சவங்களுக்கு எப்படிச் சரியாச்சு? ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானே சரியாகும். பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகும். (கர்ப்பிணிகளுக்கு இ வகை உயிருக்கே ஆபத்து. யாருக்கா இருந்தாலும் குழப்பமான பேச்சு, அதிகத் தூக்கம், ரத்தக்கசிவு இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.) நிரந்தரமா தங்குற பி-க்கு மஞ்சளே தெரியாது. அதனால அவங்க கீழாநெல்லியும் தேடறதில்ல, டாக்டரையும் தேடறதில்ல. இதுதான் நான் முதல்ல சொன்ன ஆபத்து.

14/ இந்தியாவில் இந்த ஊசி ஒரு காலத்துல இறக்குமதிச் சரக்கு, வசதி இருக்கிறவங்களுக்குத்தான். 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே தயாரிச்சதும் விலை சரிஞ்சது. இன்னிக்கு அரசு மருத்துவமனையில் இலவசம். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள ஒண்ணு, அப்புறம் 6, 10, 14-வது வாரம் பென்டாவேலன்ட் ஊசியோட சேர்த்து.

15/ "பச்சப்புள்ளைக்கு முதல் நாளே ஊசியா? ஒரு வாரம் போகட்டும் டாக்டர்"னு பாட்டிமார் சொல்றதை வார்டுல அடிக்கடி கேட்கிறேன். அக்கறைதான், புரியுது. ஆனா வைரஸ் பிரசவத்தப்போவே உள்ள போயிடுது. அது கல்லீரல்ல இடம் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஊசி முந்திக்கணும். அதான் 24 மணி நேரக் கணக்கு. தாய்க்கு பி பாசிட்டிவ்னா, குழந்தைக்கு இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போடணும்.

16/ ஏற்கெனவே பி இருக்கா? பயப்பட வேண்டாம். டெனோஃபோவிர் மாதிரி மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும். சி-யா இருந்தா பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணமாகிடும். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

17/ ஜூலை 28, ப்ளூம்பெர்க் பிறந்தநாள். அதைத்தான் உலக ஹெபடைடிஸ் தினமா அனுசரிக்கிறோம். நீங்க அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல யாராவது மாசமா இருந்தா ரெண்டே கேள்வி கேளுங்க. "ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தாச்சா?" குழந்தை பிறந்த அன்னிக்கு, "முதல் நாள் ஊசி போட்டாச்சா?" அவ்வளவுதான்.