கல்விக் கட்டணம் கூலியா, உரிமையா? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை அறிவோம்

கல்லூரிக் கட்டணத்தை அரசு ஏற்கும் திட்டங்கள் இருவகைப்படும். ஆற்றிய பணிக்கு ஈடாகத் தரப்படுபவை முதல்வகை. வரலாற்று அநீதிக்கு ஈடாகத் தரப்படுபவை இரண்டாம்வகை. இவ்வேறுபாட்டை உணர்ந்தால்தான் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் இன்றைய நிலையை நாம் சரியாக மதிப்பிட முடியும்.

படைப்பணிக்கு ஈடு

முதல்வகைக்குப் புகழ்பெற்ற சான்று, அமெரிக்காவில் 1944 ஜூன் 22 அன்று கையெழுத்தான போர்வீரர் நலச் சட்டம். 1956க்குள் ஏறத்தாழ 22 இலட்சம் முன்னாள் வீரர்கள் இதன்வழி உயர்கல்வி பெற்றனர். ஆனால் தென்மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களுக்குக் கதவடைத்தன. கறுப்பினக் கல்லூரிகளிலோ இடம் போதவில்லை. இன்றும் பல அமெரிக்க மாநிலங்கள், தேசியக் காவற்படையின் பகுதிநேர வீரர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்துகின்றன.

இந்தியாவில் 2022இல் வந்த அக்னிபத் திட்டமும் இவ்வகையை ஒத்ததே. கல்லூரி செல்லும் வயதில் நான்காண்டு படைப்பணி. முடிவில் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் 'சேவா நிதி'. அதில் பாதி வீரரின் ஊதியத்திலிருந்தே பிடிக்கப்படுவது. ஓய்வூதியம் இல்லை.

அண்ணல் கேட்டது

வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், 1942 அக்டோபரில் அளித்த விண்ணப்பத்தில் பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு அரசு நிதி கோரினார். 1944இல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. எந்தப் பணியையும் நிபந்தனையாக்காமல், கல்வியைக் கடமையாக அரசு ஏற்றது இதன் சிறப்பு.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை, ஆறாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாயில் இத்திட்டத்தைத் திருத்தியமைத்தது. செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசுடையது. 40 விழுக்காடு மாநிலத்துடையது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பின்னரே ஒன்றியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கு வரும். எந்த அரசு தாமதித்தாலும் கல்லூரி நிர்வாகத்தின் முன் நிற்பவர் மாணவரே.

தமிழ்நாட்டின் அரசாணை 92

2012 செப்டம்பரில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை வெளியிட்ட அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்களின் திரும்பப் பெற இயலாத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்க வழிசெய்தது. ஒன்றியத் திட்டத்தில் இடம்பெறாத கிறித்தவ ஆதிதிராவிடரையும் சேர்த்தது இதன் தனிச்சிறப்பு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர் பின்னர் விலக்கப்பட்டனர்.

மூலனூரில் இதன் பொருள்

தாராபுரம் வட்டத்தின் மூலனூர், மானாவாரி நிலமும் முருங்கையும் பருத்தியும் நிறைந்த பகுதி. வடக்கே திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்கள், சுற்றிலும் நூற்பாலைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தலித் பெண்ணின் முன் இரு வழிகள் உள்ளன: கல்லூரி, அல்லது ஆலை. மூன்றாண்டு உழைப்பின் முடிவில் மொத்தத் தொகை தருவதாகக் கூறி இளம்பெண்களைச் சேர்த்த 'சுமங்கலித் திட்டம்' இவ்வட்டாரம் நன்கறிந்த ஒன்று. சேர்க்கையின்போதே கல்லூரி முழுக் கட்டணம் கேட்டால், அவள் ஆலைக்கே தள்ளப்படுகிறாள்.

வருமான வரம்பு மற்றொரு தடை. அது ஆண்டுக்கு 2.5 இலட்சம் ரூபாய், 2013இல் நிர்ணயிக்கப்பட்டது. தாயும் தந்தையும் பனியன் நிறுவனத்தில் மாதம் தலா 10,500 ரூபாய் ஈட்டினால் ஆண்டு வருமானம் 2.52 இலட்சம் ஆகிறது. மகளின் தகுதி பறிபோகிறது. வறுமை நீங்காமலே வரம்பு மீறப்படுகிறது.

மாணவர் கவனத்திற்கு

சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இ-சேவை மையம் வழியாக முன்னதாகவே பெற வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். தகுதியுள்ளோர் முன்பணமின்றிச் சேர்வதற்கான கட்டணவிலக்கு அட்டைக்கு ஒன்றிய வழிகாட்டுதல்களே இடமளிக்கின்றன. கல்லூரி கட்டணம் கேட்டு வற்புறுத்தினால், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்தில் முறையிட்டு ஒப்புகை பெறுக.

வருமான வரம்பைக் குறைந்தபட்சக் கூலி உயர்வோடு இணைத்து உயர்த்துவதும், சேர்க்கைக்கு முன்பே மாநிலப் பங்கை விடுவிப்பதும் நம் உடனடிக் கோரிக்கைகளாக வேண்டும். உழைப்பை ஈடாக வைக்காமல் கற்கும் உரிமையே 1944இல் நாம் பெற்றது. தாமதமும் வரம்பும் அதனை மீண்டும் கூலியாக மாற்ற நாம் இசையலாகாது.