பல்லும் தலைநோவும்

நெற்றிப்பொட்டில் விடாது தெறிக்கும் நோவு ஒன்று வந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? சுக்கை உரைத்துப் பற்றுப் போடுகிறோம், தைலம் தேய்த்துத் தலையைத் துணியால் இறுகக் கட்டுகிறோம், ஆவி பிடிக்கிறோம், அதற்கும் அடங்காவிடில் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்க்கிறோம். இவ்வாறு ஒரு மாதம் கழிந்த பின், பல் மருத்துவர் ஒருவர் நம் மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லைச் சிறு கோலால் மெல்லத் தட்டுகிறார். நாம் நாற்காலியை விட்டுத் துள்ளுகிறோம். தலையில் நடந்த கலகத்தைத் தூண்டிவிட்டவன் வாயிலே ஒளிந்திருந்தான் என்பது அப்போதுதான் தெரிகிறது.

எல்லாத் தலைநோவும் பல்லிலிருந்து பிறப்பதில்லை. பெரும்பாலானவை அவ்வாறு பிறப்பவை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆயினும் இவ்விரண்டுக்கும் உறவு உண்டு. அவ்வுறவை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு நேரான பாதையில் சென்றதன்று. சிகிச்சையின் நோவுக்கு அஞ்சிப் பல்லைக் கெடவிட்டது ஒரு காலம். அந்த அச்சம் நீங்கியதும் குற்றமற்ற பற்களையும் கணக்கின்றிப் பிடுங்கித் தள்ளியது மற்றொரு காலம். அக்கதையையே இங்கே சொல்லப் புகுகிறோம்.

முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாம் கபால நரம்பு. அது பக்கத்திற்கு ஒன்றாக இருந்து, ஒவ்வொன்றும் மூன்று கிளைகளாகப் பிரிகின்றது. முதற்கிளை கண்ணுக்கும் நெற்றிக்கும் உரியது. இரண்டாவது மேல்தாடைக்கும் கன்னத்துக்கும் உரியது. மூன்றாவது கீழ்த்தாடைக்கும் நெற்றிப்பொட்டின் ஒரு பகுதிக்கும் உரியது. மூன்று தெருக்களின் தபால்களும் ஒரே நிலையத்தில் வந்து குவிகின்றன என்று வைத்துக்கொள்வோம். குவியல் மிகும்போது எந்தக் கடிதம் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பது நிலையத்தாருக்கே மயங்கிப் போகும். கடைவாய்ப் பல்லின் வேதனையை மூளை நெற்றிப்பொட்டின் வேதனையாகப் படித்துவிடுவது இப்படித்தான். இம்மயக்கம் எதிர்த்திசையிலும் நிகழும். மூக்கின் பக்கத்து எலும்பறையில் சளி கட்டினால், அதன் அடித்தளத்தை ஒட்டி நிற்கும் மேற்பற்கள் நோவதாகத் தோன்றும். இனி, உறக்கத்தில் பற்களை நெறுநெறுவென்று கடிப்பவர்களின் தலைநோவுக்கு மெல்லும் தசைகளின் களைப்பே காரணம். பல்லில் சொத்தை இல்லாவிடினும் அவர்கள் பொட்டுவலியோடு எழுவார்கள்.

இவையெல்லாம் தெரியாத காலத்திலும் பல்லுக்கு மருத்துவம் இருந்தது. பலுசிஸ்தானத்தில் மெஹர்கர் என்னுமிடத்திற் புதைக்கப்பட்டிருந்த ஒன்பது பேருடைய பதினொரு பற்களில், கல் முனையால் துளையிட்ட அடையாளங்கள் காணப்பட்டன. இச்செய்தி 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அப்பற்கள் 7,500 ஆண்டுகளுக்கும் 9,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட பழமை உடையவை. துளையின் விளிம்புகள் மென்று மென்று தேய்ந்திருப்பதால், துளையிடப் பெற்றவர்கள் அதன் பின்னரும் உயிரோடிருந்து உணவுண்டார்கள் என்பது தெளிவு. எவ்வளவு நோவைப் பொறுத்திருப்பார்கள் என்பதை நினைக்கவே நமக்குப் பல் கூசுகிறது.

சொத்தையைப் புழுவின் வேலையாகவே பண்டையோர் கருதினர். பாபிலோனியரின் களிமண் ஏடுகளிலும் பற்புழு உண்டு. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையிலும் சொத்தைப் பல்லுக்குக் கிருமிதந்தகம் என்றே பெயர். துளை இருந்தால் துளைத்தது ஒன்று இருக்கவேண்டும் என்று எண்ணியது இயல்பே. ஆயினும் அச்சம்ஹிதை பல்நோய்களை வகை பிரித்துக் கூறுவதும், தந்தசங்கு என்று பல்லுக்கெனத் தனிக் கருவி ஒன்றைக் குறிப்பதும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

ஐரோப்பாவில் பல் பிடுங்குவது நெடுங்காலம் சந்தைத் தொழிலாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸ் நகரத்துப் புதுப்பாலத்தின் மேல் ‘பெரிய தோமா’ என்று பெயர் பெற்ற ஒருவன், கூட்டம் சூழ நின்று பற்களைப் பிடுங்கிப் புகழடைந்தான். நோயாளியைத் தரையில் அமர்த்தி, அவன் தலையைத் தன் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பிடுங்குவதே அக்காலத்து வழக்கம். அதே பாரிஸில் பியேர் போஷார் என்பவர் 1728-இல் பல் மருத்துவம் பற்றி இரு பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியை வெளிச்சம் படும் நாற்காலியில், தலை சாயத் தக்கவாறு அமர்த்துக என்று அவர் எழுதினார். பற்புழுவையும் அவர் நம்பவில்லை. இன்று நாம் அஞ்சும் அந்த நாற்காலி, நோயாளியின்பால் ஒருவர் கொண்ட இரக்கத்தாற் பிறந்தது என்பது வியப்பன்றோ!

எனினும் நாற்காலி நோவைக் குறைக்கவில்லை. 1789-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாஷிங்டனின் வாயில் அப்போது எஞ்சியிருந்தது ஒரே ஒரு பல்தான். அவ்வளவு பெரிய மனிதருக்கும் மருத்துவம் வழங்கியது குறட்டையும், நீர்யானைத் தந்தத்தில் இழைத்த பொய்ப்பற்களையுமே.

நோவை வெல்லும் வழி வேறொரு திக்கில் கதவருகே வந்து காத்திருந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஆராய்ச்சி நிலையமொன்றில் பணியாற்றிய ஹம்ப்ரி டேவி என்னும் இளைஞர், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்து, 1800-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. அஜீரணத்தால் வந்த தமது தலைநோவு அவ்வாயுவால் தணிந்ததையும், ஞானப்பல் முளைத்தபோது ஈறு வீங்கி வந்த வேதனை அடங்கியதையும் அவர் குறித்து வைத்தார். பல்லும் தலையும் ஒரே நூலில் ஒரே மருந்தைப் பெற்றன. அறுவைச் சிகிச்சையில் இதனைப் பயன்படுத்தலாம் என்றுகூட எழுதினார். யாரும் செவிசாய்க்கவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் அவ்வாயு வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. சிரிப்பு வாயு என்று பெயர் சூட்டி, கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களை முகரச் செய்து, அவர்கள் கூத்தாடுவதைப் பிறர் கண்டு களித்தனர்.

1844 டிசம்பர் 10-ஆம் தேதி இரவு அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் கோல்டன் என்பவர் நடத்திய அத்தகைய காட்சி ஒன்றுக்கு ஹோரேஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவர் சென்றிருந்தார். வாயுவை முகர்ந்த ஒருவன் ஓடியாடியதில் காலிற் பலமாக அடிபட்டான். குருதி வழிந்தும் அவன் நோவை உணராதிருந்ததை வெல்ஸ் கவனித்தார். அரங்கில் அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் சிந்தித்தார். மறுநாளே கோல்டனைத் தம் இடத்திற்கு அழைத்துவந்து, வாயுவை முகர்ந்து, ஜான் ரிக்ஸ் என்ற சக மருத்துவரைக் கொண்டு தம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் செய்தார். பிறர் வாயில் சோதித்துப் பார்க்கவில்லை. தாமே நாற்காலியில் அமர்ந்தார். நோவு தெரியவில்லை.

அதன் பின் நிகழ்ந்தது துயரக் கதை. 1845 ஜனவரியில் பாஸ்டன் நகரில் மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் அவர் இதனைச் செய்து காட்டினார். வாயுப் பை முன்னதாகவே எடுக்கப்பட்டுவிட்டதால் பல்லைப் பறிகொடுத்தவன் முனகினான். கூடியிருந்தோர் இது புரட்டு என்று கூவி எள்ளினர். வெல்ஸிடம் முன்பு பயின்றவரான வில்லியம் மார்ட்டன் அடுத்த ஆண்டில் ஈதரைக் கையாண்டு வெற்றி கண்டார். 1846 செப்டம்பரில் ஒருவருடைய பல்லை நோவின்றி எடுத்தார். அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கழுத்துக் கட்டி ஒன்றை அறுக்கையில் ஈதர் கொடுத்தார். உலகப் புகழ் அவரை அடைந்தது. வெல்ஸோ, குளோரோபாரத்தைத் தம்மீதே சோதித்து அதற்கு அடிமையாகி, மனம் கலங்கி, 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையொன்றில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 33. 1864-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவருடைய உரிமையை ஒப்புக்கொண்டது. பதினாறு ஆண்டு தாமதித்து வந்த நீதி யாருக்கு என்ன பயன் தரும்?

மயக்கம் உடல் முழுவதையும் உறங்கச் செய்வது. ஒரு பல்லுக்காக ஆளையே உறங்கவைப்பானேன்? இதற்கு விடை 1884-இல் கிடைத்தது. கொக்கெயின் துளிகளால் கண்ணை மரக்கச் செய்யலாம் என்பதை வியன்னாவின் கார்ல் கோலர் காட்டினார். அவ்வாண்டே நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், கீழ்த்தாடைக்குச் செல்லும் நரம்பின் அருகே அம்மருந்தை ஊசியாற் செலுத்தி ஒரு பக்கத்துப் பற்களை மரக்கச் செய்தார். எந்த நரம்பின் கிளைகள் பல்நோவைத் தலைநோவாகக் காட்டி நம்மை ஏமாற்றினவோ, அதே நரம்பின் கிளை இப்போது வாயடைக்கப்பட்டது! ஆனால் ஹால்ஸ்டெட்டும் அம்மருந்துக்கு அடிமையானார். தீங்கு குறைந்த புரொக்கெயின் 1905-இல் வழக்குக்கு வந்தது. சுவீடனில் 1943-இல் லிடோகெயின் பிறந்தது. இன்று நம் ஈற்றில் ஏறும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது இதுவும் இதன் உறவினமுமே.

நோவு நீங்கிற்று, உடனே வேறொரு தவறு பிறந்தது. பிடுங்குவது எளிதானவுடன் எதற்கும் பிடுங்கலாம் என்ற துணிவும் வந்தது. 1910-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் மாண்ட்ரீல் நகரில் ஒரு சொற்பொழிவாற்றினார். பொன் உறைகளுக்கடியிற் சீழை மறைத்து வைக்கும் அரைகுறைப் பல் வேலையே பல நோய்களுக்கு மூலம் என்று அவர் கடிந்துரைத்தார். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவ்வுண்மை விரைவில் ஊதிப் பெருகிற்று. தலைநோவா, மூட்டுவாதமா, மனச்சோர்வா, எல்லாவற்றுக்கும் பல்லின் வேரே காரணம் என்றார்கள். 1896-இல் பல்லுக்கு வந்து சேர்ந்த எக்ஸ்ரேப் படத்தில் வேரடியில் ஒரு நிழல் தெரிந்தால் போதும், தண்டனை உறுதி. நியூஜெர்ஸி மாகாணத்து டிரெண்டன் மனநோய் மருத்துவமனையின் தலைவர் ஹென்றி காட்டன், பித்தம் தெளியுமென்று நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கிற் பிடுங்குவித்தார். பற்களோடு நில்லாமல் தொண்டைச் சதையையும் பெருங்குடலையும் அறுக்கச் செய்தார். பலர் இறந்தனர். 1938-இல் ரஸ்ஸல் செசில் என்பவர், முன்பு இக்கொள்கையைத் தாமே ஆதரித்தவர், மூட்டுவாத நோயாளிகள் 200 பேரை ஆராய்ந்து, பல்லை எடுத்ததால் நன்மை விளையவில்லை என்று எழுதினார். தம் கொள்கையைத் தாமே மறுக்க நெஞ்சுரம் வேண்டும். அதற்குள் எத்தனை வாய்கள் வெறுமையாயின!

அவ்வளவில் பல்லுக்கும் தலைக்கும் உள்ள மெய்யுறவு பொய்யாகிவிடவில்லை. 1934-இல் செயிண்ட் லூயி நகரத்துக் காது மூக்கு மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை மூட்டுப் பிசகித் தலைநோவும் காதடைப்பும் வருகின்றன என்று எழுதினார். அவர் சொன்ன காரணத்தை, அதாவது மூட்டு நரம்பை நசுக்குகிறது என்பதைப் பின்னோர் ஏற்கவில்லை. எனினும் தலைநோவுக்காரரின் தாடையையும் தொட்டுப் பார்க்கும் வழக்கம் வலுப்பெற்றது.

நம் நாட்டில் இக்கல்விக்கு அடிகோலியவர் டாக்டர் ரபியுத்தீன் அகமது. டாக்காவைச் சேர்ந்த அவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்திற் பயின்று, 1920-இல் கல்கத்தாவில் நாட்டின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதன் செலவுக்கு அவர் கண்ட வழி, சோடாவும் இனிப்புப் பானமும் விற்கும் கடையொன்றை நடத்தியது! பல்லைக் கெடுக்கும் பொருளை விற்றுப் பல்லைக் காக்கும் கல்வியை வளர்த்தார் என்று நகைப்போரும் இருக்கலாம். வேறு பணம் எங்கிருந்து வரும்? 1928-இல் அவர் எழுதிய மாணவர் கைநூல், பல்லைச் செப்பனிடும் வேலை பற்றியது. மேல்நாட்டில் பிடுங்கும் ஆர்வம் ஓங்கியிருந்த நாளில், பழுதைச் சுரண்டி அடைத்துப் பல்லைக் காப்பாற்றுவதை இங்கே ஒருவர் கற்பித்துக்கொண்டிருந்தார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பல் மருத்துவப் பிரிவு தொடங்கிற்று.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு நாற்காலியில் இன்னுமொரு தொல்லை உண்டு. அது மொழித் தொல்லை. தெறிப்பு, குடைச்சல், குத்தல், விண்விண் என்றிருத்தல், கூச்சம் என்று தமிழில் நோவுக்கு எத்தனை பெயர்கள்! மருத்துவர் நோயை அறிவது இப்பெயர்களைக் கொண்டுதான். குளிர்ந்த நீர் பட்டுக் கணநேரம் கூசும் பல்லை அடைத்தால் போதும். இரவெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கும் பல்லுக்கு வேர்ச்சிகிச்சை வேண்டும். இரு பொட்டிலும் காலையில் இறுகும் நோவுக்கோ பல்லில் வேலையே இராது. நாம் ஒருமுறை தில்லியில் பல் மருத்துவர் ஒருவரிடம், சொல்லுக்குச் சொல் மாற்றிப் பிழைப்பவராயிருந்தும், ‘தர்த்’ என்ற ஒரே சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னோம். அவர் பொறுமையோடு பல் பல்லாகத் தட்டினார். நல்ல பல் ஒன்று குற்றவாளிக் கூண்டில் ஏறும் நிலையில் இருந்தது. அருகிலிருந்த உதவிப் பெண் நம் முகத்தைச் சுளித்த விதம் பார்த்து, ‘ஜன்ஜனாஹட்டா?’ என்று கேட்டாள். அதுவே நம் கூச்சம்! வங்காளத்தில் அதற்கு ‘ஷிர்ஷிர்’ என்பார்கள். அன்றைக்கு ஊசி ஏறு முன், நோவு தெரிந்தால் இடக்கையை உயர்த்துவோம், உடனே நிறுத்துக என்று மருத்துவரோடு பேசி வைத்துக்கொண்டோம். கையை இருமுறை உயர்த்தினோம்; இருமுறையும் அவர் நிறுத்தினார். பல் இன்னும் நம் வாயில் இருக்கிறது.