மருந்தடித்த கைகள்

ஜொகூர் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, டிரஸ்ஸர் கொடுப்பது. இன்னொன்று, புல்லையும் பூச்சியையும் கொல்ல அடிப்பது. ‘அம்மா மருந்தடிக்கப் போயிருக்காங்க’ என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் அதே வேலைக்குத்தான் போயிருப்பார்கள். விஷம் என்ற சொல்லை நாங்கள் பாம்புக்கு மட்டும் வைத்திருந்தோம்.

என் அம்மா குளுவாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பத்தொன்பது வருடம் மருந்தடித்தவர். வேலையை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் இரவானால் இரண்டு கைகளிலும் அரிப்பு தொடங்கிவிடும். பார்த்தால் தோலில் ஒன்றும் இருக்காது. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. “தோலு மேல இல்லப்பா, உள்ளுக்குள்ள எறும்பு ஊருது” என்பார். கொஞ்ச நேரத்தில் அதே விரல்கள் மதமதத்துப்போகும். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் சூடு தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டதும் உண்டு.

கிளினிக்கில் சொறிக்குக் களிம்பு கொடுத்தார்கள். பிறகு அலர்ஜி மாத்திரை. பிறகு இனிப்புநீர், கிட்னி, கல்லீரல், தைராய்டு எல்லாம் சோதித்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கும் சோதனையும் நடந்தது, அதுவும் சரி. கடைசியில் அட்டையில் எழுதியது: காரணம் அறியப்படாத நாள்பட்ட அரிப்பு. அம்மாவின் வேலையைப் பற்றி இத்தனை வருடத்தில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, ‘இப்போ வேலை செய்றீங்களா?’ என்பதுதான். இல்லை என்றார். ‘இல்லத்தரசி’ என்று எழுதிக்கொண்டார்கள்.

‘காரணம் அறியப்படாத’ என்ற அந்த இரண்டு சொற்களுக்கு மலாயாவில் ஒரு வரலாறு இருக்கிறது என்பது என் எண்ணம். எந்த நோயின் காரணத்தைத் தேடிப் போனார்கள், எதை அப்படியே விட்டார்கள் என்ற வரலாறு.

முதலில் அரிப்பைப் பற்றிக் கொஞ்சம். 1660இல் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர், சொறியத் தூண்டும் விரும்பத்தகாத உணர்ச்சி என்று அதை வரையறுத்தார். இன்றைக்கும் பாடநூல்கள் அந்த வரையறையைத்தான் சொல்கின்றன. அரிப்பு என்பது வலியின் மெலிந்த வடிவம் என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1997இல்தான், அரிப்பை மட்டும் சுமந்து செல்லும் தனி நரம்பிழைகள் மனிதத் தோலில் இருப்பதை ஜெர்மனியில் மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழுவினர் காட்டினார்கள். ‘சி’ இழைகள் எனப்படும், உடம்பிலேயே மிக மெல்லிய நரம்புகள் அவை. இந்த இழைகள் சேதப்பட்டால் தோலில் எதுவும் இல்லாமலேயே ‘அரிக்கிறது’ என்ற செய்தி மூளைக்குப் போய்க்கொண்டிருக்கும். சூடு அறிவதும் மெல்லிய இழைகளின் வேலை என்பதால் அரிப்பும் மதமதப்பும் ஒரே கையில் குடியிருக்க முடியும். மின்சாரம் விட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனையோ தடித்த நரம்புகளை மட்டுமே அளக்கும். மெல்லிய இழைகள் பட்டுப்போயிருந்தாலும் அது ‘சரி’ என்றே சொல்லும். தோலில் ஒரு பொட்டளவு எடுத்து, நுண்ணோக்கியில் வைத்து இழைகளை எண்ணினால்தான் தெரியும். அந்தச் சோதனை தோட்டத்துக்கு அருகிலுள்ள கிளினிக்கில் நடப்பதில்லை.

இன்னொரு சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. கரையான் மரத்தை அரிப்பதும் கடல் கரையை அரிப்பதும் நமக்கு ஒரே சொல். ஆனால் ஒரு பெண்ணைக் கேவலப்படுத்தவும் அதே சொல்லைத்தானே எடுக்கிறார்கள்? லயத்துச் சண்டைகளில் அதைக் கேட்டு வளர்ந்த பெண், ஆண் டாக்டர் முன்னால் உட்கார்ந்து ‘எனக்கு அரிப்பு’ என்று எப்படிச் சொல்வார்? ‘ஊறுது’, ‘நமநமன்னு இருக்கு’, ‘கை ஒரு மாதிரியா இருக்கு’ என்பார். அதைக் கேட்டு ‘டென்ஷனா இருக்கீங்க ஆன்ட்டி’ என்று தூக்கமாத்திரை எழுதுவார்கள்.

மலாயாத் தோட்டங்களில் அரிப்புக்கும் நரம்புக்கும் மருத்துவம் ஒருநாளும் அக்கறை காட்டவில்லை என்று சொல்ல முடியாது. காட்டியிருக்கிறது. இரண்டு கதைகள் சொல்கிறேன்.

முதல் கதை கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் அரிப்பு வரும். சில வாரங்கள் கழித்துச் சோகை பிடிக்கும். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று 1898இல் தெரியவந்தது, அதுவும் தற்செயலாக. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர் புழுக்குஞ்சுகள் கலந்த நீரைக் கையாளும்போது சில சொட்டுகள் அவர் கையில் விழுந்தன. அந்த இடம் சிவந்து அரித்தது. புழு தோலைத் துளைத்தே உள்ளே போகிறது என்பதை அந்த அரிப்பிலிருந்துதான் அவர் பிடித்தார். ஒரு விஞ்ஞானியின் கை அரித்தது, அறிவியல் கேட்டது. பிறகு 1915இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய குழு மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தது. சோகை பிடித்த கூலியால் முழுநாள் வேலை செய்ய முடியாது என்பது அந்தக் காலத்து முதலாளிகளுக்கு நன்றாகப் புரிந்த கணக்கு.

இரண்டாவது, பெரிபெரி. கால் மரத்து, நரம்பு செத்து, இதயம் நின்றுபோகும் நோய். சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. ஏன்? பிராடன் என்ற மருத்துவர் இருவருடைய சோற்றையும் பார்த்தார். சீனர் சாப்பிட்டது நன்றாகத் தீட்டிய பச்சரிசி. நம் ஆட்கள் ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் ஒரு பாதி நோயாளிகளுக்கு அந்த அரிசியும் மறுபாதிக்கு இந்த அரிசியும் கொடுத்துப் பார்த்தார். அடுத்து நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் அதையே சோதித்தார்கள். தீட்டும்போது எது போய்விடுகிறதோ அதில்தான் விஷயம் இருக்கிறது என்று நிறுவினார்கள். அந்தச் சத்து தயாமின் என்று பிற்பாடு, 1926இல் ஜாவாவில் பிரித்தெடுத்தார்கள். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது அது உமியோரத்திலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்களின் நெல் அவிக்கும் பானை ஒரு நரம்பு நோயைத் தடுத்திருக்கிறது. இதை நாம் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

ஆக, ‘என்ன சாப்பிடுகிறாய்?’, ‘எங்கே நிற்கிறாய்?’ என்று கூலியிடம் கேட்கத் தெரிந்த மருத்துவம் இங்கே இருந்தது. வேலையை நிறுத்திய நோய்களுக்கு அந்தக் கேள்வி வந்தது. அரிப்பு வேலையை நிறுத்துவதில்லை. சொறிந்துகொண்டே மருந்தடிக்கலாம்.

அடித்த மருந்துகளைப் பார்ப்போம். ரப்பர் காலத்தில் லாலான் புல்லைக் கொல்லப் பரவலாகப் பயன்பட்டது சோடியம் ஆர்சனைட். ஆர்சனிக்கை நம் சித்த மருத்துவம் பாஷாணம் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏறினால் உள்ளங்கை தடித்துக் கரடாகும், கைகால்களில் ஊசி குத்தும், மரத்துப்போகும். இது தோட்டம் வருவதற்கு முன்பே மருத்துவர்களுக்குத் தெரியும். 1900இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குக் கைகால் மரத்துப்போனது. குடிகாரர்களுக்கு வரும் நரம்பு வியாதி என்று முதலில் தள்ளிவிட்டார்கள். எர்னஸ்ட் ரெய்னால்ட்ஸ் என்ற மருத்துவர் சந்தேகப்பட்டு பீரைச் சோதித்தார். அதில் ஆர்சனிக் இருந்தது, பீருக்குப் போட்ட சர்க்கரை வழியாக வந்தது. குடியின் மீது பழி போட்டால் பிறகு கேள்வி கேட்க வேண்டியதில்லை என்பதை அந்தச் சம்பவம் காட்டிக்கொடுத்தது. தோட்டத்துக் கள்ளுக்கடையை நினைத்துப் பாருங்கள். கை நடுங்கிய, கால் மரத்த எத்தனை தாத்தாக்களை ‘கள்ளு குடிச்சே கெட்டான்’ என்று நம் வீடுகளிலேயே முடித்துவைத்திருக்கிறோம்!

ஆர்சனைட்டின் இடத்துக்கு வந்தது பாராகுவாட். அதன் களைக்கொல்லும் குணத்தை 1955இல் கண்டறிந்த பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில்தான் ஜொகூரில் ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. 1961இல் ஃபெல்டாவின் முதல் செம்பனைக் குடியேற்றம் கூலாய் பக்கம் தாயிப் அண்டாக்கில் உருவானது. தனியார் தோட்டங்களும் மாறின. செம்பனையில் குலை வெட்டுவது ஆண்களின் வேலை என்றானது. ரப்பரில் ஆணுக்குச் சமமாகப் பால் வெட்டிய பெண்களுக்கு மிஞ்சியது உதிரிப் பழம் பொறுக்குவதும் உரம் போடுவதும் மருந்தடிப்பதும்தான். மருந்தடிக்கும் பெண்கள் நாடெங்கும் சுமார் 30,000 பேர் என்று தொழிலாளர் அமைப்புகள் பிற்காலத்தில் சொல்லிவந்தன. அதில் பெரும்பகுதி நம் பெண்கள்.

முதுகில் ஏறக்குறைய பதினெட்டு லிட்டர் பம்ப். கைப்பிடியை ஆட்டிக்கொண்டே நடக்க வேண்டும். மூடி சரியில்லாத பம்பு முதுகில் ஒழுகும். கையுறை போட்டால் வேர்த்து வழுக்கும், அதனால் கழற்றிவிடுவார்கள். பாராகுவாட் காயமில்லாத தோல் வழியாக அதிகம் உள்ளே போகாது என்பது உண்மைதான். ஆனால் அதுவே தோலைப் புண்ணாக்கும், நகத்தைக் கெடுக்கும். சொறிந்து கீறிய தோல் வழியாக உள்ளே போகும். அரிப்பு அங்கே விளைவு மட்டுமில்லை, அடுத்த நாள் விஷத்துக்கு வாசலும் அதுதான்.

களைக்கொல்லி மட்டுமில்லை. செம்பனை ஓலையைத் தின்னும் புழுவுக்கு, மரத்தில் துளைபோட்டு மொனோகுரோட்டோபோஸ், மெத்தமிடோபோஸ் போன்ற மருந்துகளைச் செலுத்துவார்கள். இவை நரம்பைத் தாக்கவே செய்யப்பட்டவை. பூச்சியின் நரம்பில் எந்த நொதியை முடக்குகின்றனவோ அதே நொதி மனித நரம்பிலும் இருக்கிறது. மெத்தமிடோபோஸ் அதிகம் பட்டவர்களுக்கு, மயக்கமும் வாந்தியும் தெளிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக் கைகால் மரத்துப்போவது மருத்துவ நூல்களில் பதிவான விஷயம். மூன்று வாரம் கழித்து வரும் மரப்பை எந்தப் பெண் மருந்தோடு முடிச்சுப் போடுவார்? எந்த டிரஸ்ஸர் போடுவார்?

முடிச்சுப் போட்டவர்கள் வெளியிலிருந்துதான் வந்தார்கள். 1991இல் ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனகானித்தா, ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து தோட்டப் பெண்களிடம் போய் உட்கார்ந்து கேட்டது. 2002இல் வந்த அவர்களுடைய அறிக்கையில் தோல் நோய், தலைசுற்றல், மூச்சுத்திணறல் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்ந்தது. முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1. சுவீடன் 1983இலேயே தடை செய்த பொருள் அது. அந்த முப்பத்தேழு வருடத்துக்குள் அம்மாவின் பத்தொன்பது வருடமும் அடங்கிவிட்டது.

தடை வந்தபோது அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். “இப்ப அங்க யாரு அடிக்கிறா? வங்காளதேசப் பையனுங்கதானே. அதுங்களுக்காச்சும் கை நல்லா இருக்கட்டும்” என்றார்.

1700இல் இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவற்றின் பழைய பட்டியலில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? முந்நூறு வருடப் பழைய கேள்வி. ‘இப்போ’ என்ற ஒரு சொல்லை முன்னால் போட்டதும் அது செத்துப்போகிறது. நரம்பு பழைய வேலையையும் ஞாபகம் வைத்திருக்கிறது. சொக்சோவில் தொழில்நோய்க்கு மனுப் போடுவதென்றாலும், நோயையும் வேலையையும் இணைக்கும் காகிதம் வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமாகிவிட்ட இடத்தில் பெரட்டுப் புத்தகத்தை எங்கே போய்த் தேடுவது?

அதனால் நாமே எழுதலாம் என்று தோன்றியது. அம்மாவை உட்காரவைத்து எழுதி வாங்கினேன். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை. ஒரு நாளைக்கு எத்தனை பம்பு. கேனின் நிறம், மருந்தின் நிறம், நாற்றம். கலக்கியது கையாலா, குச்சியாலா. தண்ணீர் எடுத்த வாய்க்கால், சோறு சாப்பிட்ட இடம், துணி துவைத்த இடம். எப்போது முதலில் அரித்தது. நான்கு பக்கம் வந்தது. மலாயில் மொழிபெயர்த்து அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் கொடுத்தோம். இளம் பெண், பொறுமையாகப் படித்தார். அட்டையில் ‘இல்லத்தரசி’யை அடித்துவிட்டு, ‘முன்னாள் பூச்சிமருந்து தெளிப்பாளர், 19 ஆண்டுகள்’ என்று எழுதினார். நரம்பு அரிப்புக்கான மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். அம்மா இப்போது சில இரவுகள் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்குகிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மாவோ அத்தையோ விளக்கணைத்த பிறகு கையைச் சொறிந்துகொண்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எத்தனை வருடம், என்ன நிறக் கேன் என்று கேளுங்கள். பக்கத்து லயத்தில் இருந்த பெண்களின் பெயர்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் அரிக்கும்.